தாமலில் எங்கள் தெரு

காஞ்சிபுரத்தில் எங்களை முதலில் விசாரித்தவர் ஒரு போலீஸ் ஏட்டு. வெளியிலிருந்து வருகிறவர்கள் ஊர் வந்து சேர்ந்ததும் ஸ்டேஷனில் பதிய வேண்டும் என்று எங்கள் பயணத்தாளின் பின்பக்கத்தில் முத்திரை குத்தியிருந்தார்கள். ஏட்டு அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேசைமேல் கட்டம் போட்ட பெரிய நோட்டு விரிந்திருந்தது.

"எந்த நாடும்மா?"

"சிலோன்ல இருந்து வாறோம்" என்றேன்.

"அது தெரியுது. நீங்க எந்த நாட்டு ஆளுங்க? சிலோனா?"

"இல்லைங்க. அவங்க இன்னும் பிரஜாவுரிமை குடுக்கல."

"அப்ப இந்தியா."

"அதுவும் இன்னும் இல்லைங்க."

ஏட்டு பேனாவைக் கீழே வைத்தார். "இன்னாமா இது? ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா. கட்டம் காலியா இருந்தா ஐயா என்னத்தான் கேப்பாரு."

அதுவரை கைகட்டி நின்றிருந்த அப்பா ஓரடி முன்னால் வந்தார். "ஐயா, தாமல்னு எழுதுங்க."

"தாமலா? பெரிய ஏரி இருக்குதே, அந்தத் தாமலா?"

"அதேதாங்க. எங்க ஊரு."

"அடடே, நம்மூரு ஆளுபா நீ! அத முன்னாடியே சொல்றதில்ல?" ஏட்டின் முகமே மாறிவிட்டது. உட்காரச் சொன்னார். தேநீர் வரவழைத்தார். நாடு என்ற கட்டத்தில் 'தாமல்' என்று அழகாக எழுதினார். அதன் பிறகு இந்தியாவில் நாங்கள் இருந்த நாள் முழுவதும் தாமல் நாட்டுப் பிரஜைகளாகவே இருந்தோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அப்பா அதுவரை தாமலைப் பார்த்ததே இல்லை. அவர் பிறந்தது தேயிலை மலையில், வெள்ளைக்கல் தோட்டத்தில். அவருடைய அப்பாவும் அங்கேதான் பிறந்தார். கடல் தாண்டி வந்தவர் தாத்தாவின் அப்பா. அழைத்து வந்தவர் தாமல் கங்காணி. ஆள் சேர்த்துக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, பிறகு தோட்டத்தில் அவர்களை மேய்த்த மனிதர். எங்கள் கீழ்ப்பிரிவில் நாற்பது குடும்பம். நாற்பது குடும்பத்துக்கும் சொந்த ஊர் தாமல். மழை பிடித்துக்கொண்டால் லயம் என்று நாங்கள் சொல்லும் வரிசை வீடுகளின் வாசலில் உட்கார்ந்து தாமல் ஏரியைப் பற்றிப் பேசுவார்கள். "கடல் மாதிரி இருக்கும். நம்ம ஏரி வத்தி யாரும் பாத்ததில்ல." சொல்கிறவர்களில் ஒருவரும் அதில் கால் நனைத்ததில்லை.

எந்த நாட்டுக்கும் பிரஜையாக இல்லாத எங்களை இரண்டு அரசாங்கங்களும் பங்கு பிரித்துக்கொண்டு ஒப்பந்தம் போட்டிருந்த காலம் அது. இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் சிலோனுக்கு. யாருக்கு எந்த நாடு வேண்டுமோ அந்த நாட்டுக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர் என்பதால் லயத்துக்காரர்களின் படிவங்களை நிரப்புவது என் வேலையாயிற்று. எங்கள் வீட்டுப் படிவம் மட்டும் ஒரு வருடமாக வெறுமையாகக் கிடந்தது. அப்பா இந்தியா என்றார். நான் சிலோன் என்றேன். பானை சட்டியைத் தவிர மற்றதெல்லாம் உடைந்துவிட்டது என்று சொல்லலாம். கடைசியில் அம்மாதான், "ரெண்டு பேரும் போயி அந்த ஊர ஒரு தடவ கண்ணால பாத்துட்டு வாங்க. அப்பறம் எழுதுங்க. எனக்குக் கொழுந்து எடுக்க நேரமாச்சு" என்று கூடையை மாட்டிக்கொண்டு மலையேறிவிட்டாள். மார்கழி லீவில் புறப்பட்டோம்.

காஞ்சிபுரத்தில் நாங்கள் தங்கியது பிள்ளையார்பாளையத்தில், மருதமுத்து சித்தப்பா வீட்டில். சித்தப்பா எங்கள் லயத்துக்காரர். இரத்த உறவில்லை, அதைவிட நெருக்கம். அப்பாவோடு தேயிலை ஃபேக்டரியில் தூள் சலித்தவர். இந்தியப் பிரஜையாகி, இரண்டு வருடத்துக்கு முன் செல்லாயி சின்னம்மாவோடு வந்துவிட்டார். இங்கே பட்டுநூலுக்குச் சாயம் ஏற்றும் கொட்டகையில் வேலை. முழங்கை வரை அரக்குச் சிவப்பாக இருந்தார். எங்களைக் கண்டதும் கட்டிப்பிடிக்க வந்து, அப்பாவின் வெள்ளைச் சட்டையைப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

தெருவின் நீளத்துக்கு நூலை இழுத்துப் பிடித்துப் பாவு கட்டியிருந்தார்கள். நாங்கள் பெட்டியோடு சுவரை ஒட்டி ஒட்டி நடந்தோம். வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். தறிச் சத்தத்துக்கு மேலே சிலோன் ரேடியோ. எங்கள் லயத்தில் ரேடியோ கிடையாது. தோட்ட ஆபீஸ் கிளாக்கர் வீட்டு ஜன்னலில் எப்போதாவது காதில் விழும். என் நாட்டு வானொலியை, நாடு என்று சொல்லலாமென்றால், நான் காலையிலிருந்து மாலை வரை கேட்டது காஞ்சிபுரத்தில்தான். பக்கத்துத் தறி வீட்டு அம்மா என்னை அழைத்து, "சிலோன்லேர்ந்து வந்துக்கினு இருக்கியாமே? ரேடியோல பேசறாங்களே, அந்த மாதிரி கொஞ்சம் பேசிக் காட்டு" என்றாள். பேசிக் காட்டினேன். "ஊஹூம், அப்டி இல்ல" என்று உதட்டைப் பிதுக்கினாள். பிறகு வீட்டுக்குள் திரும்பித் தன் மகளிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

அன்றிரவு சாப்பாட்டில் சித்தப்பா அதை விளக்கினார். "இங்க பாதி வீட்ல தெலுங்குதான் புள்ள. நூலு பெங்களூர்ல இருந்து வருது. சரிகை சூரத்துல இருந்து வருது. நெய்யிறவரு வீட்டுல தெலுங்கு. சேலை மட்டும் காஞ்சிபுரம். அதுகிட்ட யாரும் ஊரு கேக்குறதில்ல." அப்பா சிரித்தார். சின்னம்மா சிரிக்கவில்லை. தெருவில் அவளுக்குப் பெயர் 'சிலோன்காரம்மா'. அங்கே இருந்தபோது எங்களை 'இந்தியாக்காரங்க' என்றார்கள்.

மறுநாளே தாமலுக்குப் போகலாம் என்று அப்பா குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசித் தயாராக இருந்தார். சித்தப்பா, "இன்னிக்குக் கோயிலெல்லாம் பாத்துருவோம்ணே. இவ்வளவு தூரம் வந்துட்டு சாமி பாக்காம இருந்தா நல்லாருக்காது" என்றார். பார்த்தோம். அப்பாவுக்குக் கோபுரங்களைவிட இட்லிதான் ஆச்சரியம். மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு, மூங்கில் கூடையில் மந்தாரை இலை வைத்து வேகவைத்த இட்லி. ஒரு துண்டே உள்ளங்கையை நிறைத்தது. காலையில் ரொட்டியும் சம்பலும் தின்று மலையேறிப் பழகிய எங்களுக்கு, சூரியன் மேலே வருமுன் அரிசிப் பண்டம் சாப்பிடுவது ஒரு திருவிழா. "பாத்தியா, நம்ம ஊரு சாப்பாடு" என்றார் அப்பா. எனக்கு ரொட்டி வேண்டும்போல் இருந்தது. சொல்லவில்லை.

அடுத்த நாளும் சித்தப்பா ஒரு காரணம் சொன்னார். தாமல் பக்கம் பஸ் சரியில்லையாம். அதற்கடுத்த நாள், கொட்டகையில் அவசர வேலை, அவர் இல்லாமல் நாங்கள் தனியாகப் போக வேண்டாமாம். எனக்கு மெல்ல ஒரு சந்தேகம் வந்தது. இரண்டு வருடமாக அவர் மாதம் ஒரு கடிதம் போட்டுவந்தார். 'தாமல் போயிருந்தேன். ஊரில் எல்லாரும் சௌக்கியம். ஏரி நிரம்பி இருக்கிறது. எல்லாரையும் விசாரித்தார்கள். எப்போது வருவீர்கள் என்று கேட்கிறார்கள்.' அந்தக் கடிதங்களை லயத்தின் நடுவில் நின்று நான்தான் உரக்கப் படிப்பேன். கேட்டுவிட்டு ஏழு குடும்பங்கள் இந்தியாவுக்கு எழுதச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்ததும் நான்தான். மாதாமாதம் தாமலுக்குப் போகிறவருக்கு இப்போது ஏன் பஸ் கிடைக்கவில்லை?

அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. "சொந்த ஊருக்குப் போறதுக்கு வழிகாட்டி வேணுமா?" என்று என்னை மட்டும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

பஸ் திருப்புட்குழி தாண்டவில்லை. முன்பக்கத்திலிருந்து குபுகுபுவென்று ஆவி வந்தது. கண்டக்டர் தகர டப்பாவோடு தண்ணீருக்குப் போனார், போனவர் வரவில்லை. மரநிழலில் எங்களோடு ஒரு தாயும் மகளும் நின்றார்கள். அங்குள்ள பெருமாள் கோயிலுக்கு வந்தவர்கள். வறுத்த பயறை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு இரவு கோயிலில் படுத்தால், விடியும்போது முளை விட்டிருக்குமாம்; விட்டால் குழந்தை பிறக்குமாம். "வறுத்தது எப்பிடிம்மா முளைக்கும்?" என்று கேட்டேன். டீச்சர் புத்தி. "முளைக்குதே. அதுக்கு இன்னா சொல்றே?" என்றாள் தாய். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். முளைத்ததா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கடைசியில் வைக்கோல் ஏற்றப் போகும் வெறும் மாட்டுவண்டி ஒன்றில் இடம் கிடைத்தது. வண்டிக்காரர், "தாமல்ல யாரு வூட்டுக்கு?" என்றார். "எங்க வூட்டுக்கு" என்றார் அப்பா. வண்டிக்காரர் திரும்பி அவரை ஒருமுறை பார்த்தார். மாட்டை விரட்டினார்.

ஏரிக்கரை வந்ததும் அப்பா வண்டி நிற்கும் முன்பே குதித்துவிட்டார். ஐம்பத்தைந்து வயது மனிதர் கையை ஊன்றிக் கரையேறினார். நானும் பின்னால் ஏறினேன். அந்த வருடம் நல்ல மழை. கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர். எதிர்க்கரைப் பனைமரங்கள் சீப்புப் பல் அளவுக்குத் தெரிந்தன. கரைக்கு இந்தப் பக்கம் மதகிலிருந்து வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து ஒரே பச்சை. அப்பா என் தோளைத் தொட்டு, கையை நீட்டிக் காட்டினார். எனக்குத் தெரியாத எதையோ காட்டுவதுபோல. அந்த நிமிடம் நான் தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். இப்படி ஓர் ஏரி இருக்கும்போது மனிதர் எதற்குப் பனியில் நனைந்துகொண்டு அங்கே கிடக்க வேண்டும்?

கரையடியில் டீக்கடை. கடைக்காரர் கிளாஸைக் கழுவியபடி, "எந்தத் தெருவுக்கு வந்தீங்க?" என்று கேட்டார். அப்பா பெயர்களைச் சொன்னார்: தன் தாத்தா பெயர், அவருடைய அப்பா பெயர், தாத்தா சொன்ன அம்மன் கோயில், கோயிலுக்கு எதிரே இரட்டை வேம்பு. கடைக்காரருக்கும் பெஞ்சில் இருந்தவர்களுக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. தேநீரை ஒரு வாய் குடித்த அப்பா என்னிடம் தாழ்ந்த குரலில், "ஃபேக்டரித் தரையில கூட்டித் தள்ளுற தூளு" என்றார். ஆனால் கடைசிச் சொட்டு வரை குடித்தார். "சிலோனுக்குக் கங்காணியா போனாரே, அவரு வீடு?" என்று கேட்டதும் எல்லார் முகமும் தெளிந்தது. "அட, தணிகாசலம் வூடு! நேராப் போங்க. மச்சு வூடு."

தணிகாசலம் கங்காணியின் பேரன். நாற்பது வயதிருக்கும். கரைபோட்ட வேட்டி, மடித்துவிட்ட சட்டைக் கை, ஊரில் எலெக்‌ஷனில் நிற்கிறவர் என்று பார்த்தவுடன் தெரிந்தது. கூடத்துச் சுவரில் கங்காணியின் படம் இருந்தது: தலைப்பாகை, கோட்டு, கையில் வெள்ளிப் பூண் போட்ட தடி. எங்கள் லயத்தில் பலமுறை கேட்ட தடி. அதைக் கண்டதும் அப்பா தம்மையறியாமல் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் அவிழ்த்தார்.

"உக்காருபா, நாற்காலிலயே உக்காரு" என்றார் தணிகாசலம். தன்னைவிடப் பதினைந்து வயது மூத்தவரை அவர் 'பா' போட்டுத்தான் பேசினார். ஆனால் அன்பாகத்தான் பேசினார். மோர் வந்தது. அப்பா மறுபடி பெயர்களைச் சொன்னார். தணிகாசலம் முழுவதும் கேட்டுவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"நீயும் தாமல்னு சொல்லிக்கினு வந்துட்டியா? எங்க தாத்தா கூட்டினு போன ஆளுங்க எல்லாருமே தாமல்தான்பா!"

"புரியலீங்க" என்றார் அப்பா.

"இந்த ஊர்லேர்ந்து போனது எங்க தாத்தா ஒருத்தருதான். வேற ஒரு ஆளு கூடப் போவல. ஏரியப் பாத்த இல்ல? பஞ்சம் வந்தப்பகூட இங்க கூழுக்குக் குறை இல்ல. ஏரி இருக்கற ஊர உட்டுட்டு எவன் கடல் தாண்டிப் போவான்?"

அப்பா மோர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப நாங்க?"

"தாத்தா அங்கங்க புடிச்ச ஆளுங்க. ஆரணிப் பக்கம், செய்யாறுப் பக்கம், ரோட்டு மேல பசியில கெடந்தவங்க. பாதிப் பேரு பண்ணையில கட்டுப்பட்ட ஆளுங்க. ராத்திரியோட ராத்திரியா ஓடி வந்தவங்க. நெசமான ஊரு பேரக் குடுத்தா பண்ணைக்காரன் தேடிக்கினு வந்து இழுத்துக்கினு பூடுவான். அதனால கப்பலேத்தற எடத்துல எல்லாருக்கும் தாமல்னு சொல்லுங்கடான்னு சொல்லிக் குடுத்துட்டாராம் தாத்தா. பேரக்கூட மாத்திக்கினாங்களாம் சில பேரு. எங்க அப்பா இதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

எனக்கு அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவர் வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஐயாவுக்கு எங்க நெச ஊரு தெரியுங்களா?" என்றார்.

"அது அவங்கவங்களுக்குத்தான்பா தெரியும். செத்துட்டாங்களே."

தணிகாசலத்துக்கு அப்போதுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்திருக்க வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்தார். "அதுக்கு ஏன் வருத்தப்படறே? தாமல்னுதான இருக்கணும்? ஊர்க் கணக்கு எழுதற கர்ணத்துகிட்ட நான் சொன்னா எழுதிக் குடுத்துடுவாரு. ஒனக்கு எந்தத் தெரு வேணும் சொல்லு. ரெண்டு வருசத்துக்கு முன்னால ஒருத்தரு இப்டித்தான் வந்தாரு. பாவம், அழுதுட்டாரு. காஞ்சிபுரத்துல சாயக் கொட்டாயில வேலைன்னு சொன்னாங்க. அவருக்குக்கூட எழுதித் தரேன்னேன். வாணான்னுட்டாரு."

அப்பா எழுந்து கும்பிட்டார். "வேணாங்க ஐயா" என்றார். அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் அவர் நேரே ஏரிக்குப் போனார். அதில் ஒரு முழுக்குப் போட வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. அதற்கென்று மாற்று வேட்டி மடித்து எடுத்து வந்திருந்தார். படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா நிமிர்ந்து, "யாருபா நீ? எந்தத் தெரு?" என்றாள். கோபமாக இல்லை. எந்தத் தெருவுக்கு எந்தத் துறை என்பது அவளுக்குத் தெரிந்த ஒழுங்கு, அவ்வளவே.

அப்பா தண்ணீரின் விளிம்பில் நின்றார். "தெரியலம்மா" என்றார்.

"தெரியலன்னா?"

அவர் குனிந்து முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு கரையேறிவிட்டார். ஒரு வருடமாக எந்த வாதத்தில் ஜெயிக்க வேண்டும் என்று நான் நின்றேனோ, அதில் ஜெயித்துவிட்டேன். ஜெயித்தவள் யாரும் அப்படி அழுதிருக்க மாட்டாள்.

பஸ்ஸில் பாதி தூரம் வந்த பிறகு அப்பா கேட்டார்: "ஏரி பெருசுதான், இல்ல?"

"ஆமாப்பா. நீங்க சொன்னதவிடப் பெருசு."

பிள்ளையார்பாளையம் திரும்பியபோது பொழுது சாயவில்லை. அப்பா வீட்டுக்குப் போகாமல் நேரே சாயக் கொட்டகைக்கு நடந்தார். பெரிய செப்புத் தொட்டியில் நூல்கட்டுகளைக் கழியில் மாட்டி முக்கியெடுத்துக்கொண்டிருந்த சித்தப்பா எங்களைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். கழியை வைத்துவிட்டு வெளியே வந்தார். முருங்கை மரத்தடியில் மூன்று பேரும் நின்றோம்.

"உனக்குத் தெரியுமா?" என்றார் அப்பா.

"தெரியும்ணே."

"அப்பறம் ஏன்டா எழுதுன? மாசா மாசம் எழுதுன. இந்தப் புள்ள நடு லயத்துல நின்னு படிச்சா. கெழவன் கெழவியெல்லாம் கண்ணத் தொடச்சுக்கிட்டுக் கேட்டாங்க. ஏழு வீடு எழுதிக் குடுத்துருச்சு, தெரியுமா?"

சித்தப்பா தம் சிவந்த கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மொத கடிதாசி வெட்கத்துல எழுதுனேண்ணே. பொட்டியத் தூக்கிக்கிட்டு மேளதாளத்தோட வழியனுப்பிச்சீங்க. ஊரே இல்லன்னு எப்பிடி எழுதுறது? ஒரு தடவ எழுதிட்டா அப்பறம் நிறுத்த முடியல." முருங்கைக் கொத்திலிருந்து ஓர் இலையைக் கிள்ளினார். "அப்பறம்... இங்க தனியா இருக்க முடியலண்ணே. செல்லாயி யாருகிட்டயும் பேசுறதில்ல. நம்ம ஆளுங்க நாலு வீடு வந்தா நமக்கும் ஒரு ஊரு ஆயிரும்னு நெனச்சேன். தாமல் இல்லாட்டி என்னா? நாம இருக்கிற எடம்தானே."

அப்பா அடித்துவிடுவார் என்று நான் பயந்தேன். அவருடைய கை உயரவும் செய்தது. ஆனால் அது சித்தப்பாவின் தோளில் போய் விழுந்தது. கொட்டகையிலிருந்து ஒருவர், "சிலோன்காரரே, நூலு ஊறிக்கினே இருக்குது, சாயம் அடர்த்தியாத் தூக்கிடும்!" என்று கத்தினார். சித்தப்பா உள்ளே ஓடினார்.

மறுநாள் காலையில் அப்பா சொன்னார்: "இன்னொரு கடிதாசி எழுது மருதமுத்து. நான் போய்ச் சொன்னா நம்ப மாட்டாங்க. நீ சொன்னா நம்புவாங்க." சித்தப்பாவுக்கு எழுதத் தெரியாது, இதுவரை எழுதிக் கொடுத்தது பக்கத்துத் தறி வீட்டுக்காரர். இந்த முறை நான் எழுதினேன். சித்தப்பா ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னார். நடுவில் இரண்டு முறை எழுந்து வெளியே போய்விட்டு வந்தார். முடிந்ததும் சின்னம்மா சமையல் கட்டிலிருந்து வந்து, "நானும் சொல்றேன், எழுது" என்றாள். "இங்க யாரும் கெட்டவங்க இல்ல. ஆனா வாறவங்க யோசிச்சு வாங்க. இங்கயும் முதல்லயிருந்துதான்." அதையும் எழுதினேன்.

புறப்படும்போது பக்கத்து வீட்டு அம்மா, வழியில் சாப்பிட மந்தாரை இலையில் இட்லி கட்டிக் கொடுத்தாள். சித்தப்பா பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். "அம்மாவக் கேட்டேன்னு சொல்லு புள்ள" என்றார். பஸ் நகர்ந்ததும் கையசைத்தார். கூட்டத்தில் முகம் மறைந்த பிறகும் அந்தச் சிவப்புக் கை தெரிந்தது.

லயத்தில் கடிதத்தை வழக்கமான இடத்தில் நின்று படித்தேன். முடித்ததும் எல்லாரும் ஒன்றாகப் பேசினார்கள். கோபம் சித்தப்பா மீது போகவில்லை, அப்பா மீதுதான் வந்தது. "நல்லா இருந்த ஊரப் போயித் தொலைச்சிட்டு வந்துட்டான்" என்றார் ஒரு பெரியவர். சில மாதம் அவர் அப்பாவோடு பேசவே இல்லை. ஏழு குடும்பத்தில் மூன்று, படிவத்தைத் திருப்பி வாங்க முடியுமா என்று அலைந்தது. நான்கு குடும்பம் எப்படியும் போவோம் என்றது. "இங்க அடி வாங்குறதுக்கு அங்க அடி வாங்கலாம், தமிழ்லயாவது திட்டுவாங்க" என்றாள் அவர்களில் ஒருத்தி. அவர்கள் போனார்கள். தாமலுக்கு அல்ல, அரசாங்கம் எங்கோ ஒரு நூல் மில்லில் வேலை கொடுத்து வைத்ததாகக் கேள்வி.

எங்கள் வீட்டுப் படிவத்தை அப்பாவே எடுத்து வந்து என் முன் வைத்தார். "இங்கேன்னு எழுது" என்றார். விவாதம் இல்லை. நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதோடு சரி.

விசாரணைக்குக் கூப்பிட்டபோது எங்கள் பயணமே எங்களுக்கு எதிராக நின்றது. சிங்கள அதிகாரி முன்னால் எங்கள் பயணத்தாள் கிடந்தது. மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டார்: "நீங்கள் சமீபத்தில் இந்தியாவுக்குப் போயிருக்கிறீர்கள். ஊரைப் பார்க்கப் போனதாகக் காரணம் எழுதியிருக்கிறது. அங்கே ஊரும் உறவும் இருக்கிறவருக்கு இந்த நாட்டின் பிரஜாவுரிமை எதற்கு?"

போனதை மறைக்க வழியில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று நான் அப்பாவுக்கு நாலு நாள் பாடம் சொல்லியிருந்தேன். அவர் அதில் ஒன்றையும் சொல்லவில்லை.

"போனேன் ஐயா" என்றார். "போனதாலதான் இங்க வந்து நிக்கிறேன்."

மொழிபெயர்ப்பாளர் அதை ஒருமுறை சொன்னார். அதிகாரி கேட்டுக்கொண்டதால் மறுமுறையும் சொன்னார். அதிகாரி அப்பாவைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு எழுத ஆரம்பித்தார். என்ன எழுதினார் என்று தெரியவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கடிதம் வந்தது. என் மனு தனி. அதற்கு இன்றுவரை பதில் இல்லை. அப்பா ஃபேக்டரியிலிருந்து தேயிலைத் தூள் அப்பிய உடம்போடு அப்படியே வந்து உட்கார்ந்தார். நான் ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்கிப் படித்தேன். பதிவு செய்யப்பட்டது என்ற வரிக்கு அவர் தலையாட்டினார்.

"ஊருன்னு என்ன போட்டிருக்கு?"

"வெள்ளைக்கல் தோட்டம், கீழ்ப்பிரிவு, மூணாம் லயம்."

"மூணாம் லயமா? நாம நாலுல்ல?"

மறுபடி பார்த்தேன். மூன்று என்றுதான் இருந்தது. திருத்தச் சொல்லி எழுத வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் தொந்தரவாகும் என்று நான் பதறினேன். அப்பா கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"விடு புள்ள" என்றார். "இந்தத் தடவ பக்கத்து லயந்தானே."